டிராகன் பால் ஃபைட்டர்ஸ்: சிறப்புகளும் குறைகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அனிமே எனப்படும் ஜப்பானிய அசைவூட்டத் தொடர்களைத் தழுவி வரும் சண்டை வீடியோ விளையாட்டுகளைப் பெரும்பாலும் அந்தந்தத் தொடரின் ரசிகர்கள்தான் வாங்குவார்கள். சண்டை விளையாட்டை முறையாகப் பழகுபவர்கள் அவற்றைப் பொருட்படுத்துவது அரிது. 2018ஆம் ஆண்டு வெளிவந்த டிராகன் பால் ஃபைட்டர்ஸ் இந்த இரு தரப்பினரையும் ஒரே திரைக்கு முன் உட்கார வைத்தது. அதை வாங்கலாமா, எதற்காக வாங்கலாம், எங்கே ஏமாற்றம் காத்திருக்கிறது என்று பலரும் கேட்கும் கேள்விகளுக்கு, அதைப் பல ஆண்டுகளாக ஆடிவருபவன் என்ற முறையில் இங்கே விடையளிக்கிறேன்.

இது எத்தகைய விளையாட்டு? யார் உருவாக்கியது?

இருவர் மோதும் சண்டை விளையாட்டு இது. ஒவ்வொருவரும் மூன்று வீரர்களைக் கொண்ட அணியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். களத்தில் ஒருவர் சண்டையிட, மற்ற இருவரும் வெளியே காத்திருந்து அழைக்கும்போது உதவிக்கு வருவார்கள். ஜப்பானின் யோகோஹாமாவில் இயங்கும் ஆர்க் சிஸ்டம் ஒர்க்ஸ் நிறுவனம் இதை உருவாக்க, பண்டாய் நாம்கோ வெளியிட்டது. கில்டி கியர், பிளேஸ்புளூ ஆகிய சண்டை விளையாட்டு வரிசைகளை உருவாக்கியதும் ஆர்க் சிஸ்டம் ஒர்க்ஸ்தான். இந்தத் துறையில் அவர்களுக்கு இருபது ஆண்டு அனுபவம் சேர்ந்திருந்த வேளையில் இந்த விளையாட்டு வந்தது. ஆங்கிலத்தில் FighterZ என்று எழுதப்படும் பெயரின் கடைசி எழுத்தைப் பார்த்துச் சிலர் ‘ஃபைட்டர் இசட்’ என்று வாசிக்கிறார்கள்; ‘ஃபைட்டர்ஸ்’ என்பதே சரியான உச்சரிப்பு.

மூலத் தொடரைப் பார்க்காதவர்கள் ஆடலாமா?

தாராளமாக ஆடலாம். அகிரா தோரியாமாவின் டிராகன் பால் மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) 1984 முதல் 1995 வரை வார இதழ் ஒன்றில் தொடராக வந்து, பின் அனிமேயாக உலகெங்கும் பரவியது. அந்தக் கதையை அறிந்தவர்களுக்கு ஒவ்வொரு அசைவும் ஒரு நினைவைக் கிளறும். அறியாதவர்களுக்கு அதே அசைவு கண்ணைக் கவரும் ஒரு தாக்குதலாகத் தெரியும். வெற்றி தோல்விக்குக் கதையறிவு தேவையே இல்லை. இருந்தாலும், இதை ஆடிவிட்டுத் தொடரைத் தேடிப் போனவர்களை நான் அறிவேன்.

முப்பரிமாண விளையாட்டு என்கிறார்கள். ஆனால் கையால் வரைந்த ஓவியம் போலத் தெரிகிறதே, எப்படி?

இந்த விளையாட்டின் மிகப் பெரிய சாதனை இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். திரையில் நீங்கள் காணும் நாயகன் கோகுவும் எதிரி ஃப்ரீஸாவும் அன்ரியல் எஞ்சின் 4 என்ற விளையாட்டு உருவாக்க மென்பொருளில் உருவான முப்பரிமாண உருவங்களே. வழக்கமான முப்பரிமாண விளையாட்டில் ஒரு கை மேலிருந்து கீழே வரும்போது, இடைப்பட்ட நிலைகள் அனைத்தையும் கணினியே நிரப்பி அசைவை வழுவழுப்பாக்கிவிடும். அனிமே அப்படி அசைவதில்லை. அதில் ஒரு நிலை சில கணங்கள் உறைந்து நிற்கும். அடுத்த நிலை சட்டென்று வந்து விழும். ஆர்க் சிஸ்டம் ஒர்க்ஸின் கலைஞர்கள் கணினி இடையை நிரப்புவதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு நிலையையும் தாங்களே அமைத்து, ஓவியச் சட்டகங்களைப் போல ஒன்றன்பின் ஒன்றாக வைத்தார்கள். ஆட்டம் நொடிக்கு 60 ஃபிரேம் (திரைச் சட்டகம்) வேகத்தில் ஓடினாலும், உருவங்களின் அசைவு அதைவிடக் குறைவான நிலைகளில் தாவித் தாவிச் செல்வது இதனால்தான்.

நிழலிலும் இதே உழைப்பு இருக்கிறது. ஓவியர் நிழலை இயற்பியல் விதிப்படி வரைவதில்லை. முகம் எங்கே அழகாக இருக்குமோ அங்கே வரைவார். அந்தத் தெரிவைக் கணினிக்குக் கற்பிப்பதற்காக, உருவத்தின் மேற்பரப்பு ஒளியை எந்தத் திசையில் ஏற்க வேண்டும் என்பதைக் கலைஞர்கள் கையால் திருத்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு வீரருக்கும் அவருக்கே உரிய ஒளியும் உண்டு. 2014இல் வந்த கில்டி கியர் எக்ஸ்ஆர்டி விளையாட்டில் இந்த முறையை முதலில் வளர்த்தெடுத்தவர்கள், அதை இங்கே தோரியாமாவின் கூர்மையான கோடுகளுக்கும் கோண முடிகளுக்கும் ஏற்ப மாற்றினார்கள்.

இதை உணர ஒரு வழி சொல்கிறேன். ஏதேனும் ஒரு பெரிய தாக்குதலின் நடுவே ஆட்டத்தை நிறுத்திவிட்டு, முஷ்டியை முன்னால் நீட்டும் வெஜிட்டாவின் கையைப் பாருங்கள். அந்தக் கை உடலின் அளவோடு பொருந்தாமல் பருத்திருக்கும். முகம் சற்று நீண்டிருக்கும். பிழை போலத் தோன்றும் அந்த மிகை, ஆட்டம் மீண்டும் ஓடத் தொடங்கியதும் வேகமாகவும் வலிமையாகவும் மாறிவிடுகிறது. ஓவியர்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் வித்தையை முப்பரிமாண உருவத்தை வளைத்து நெளித்துச் செய்திருக்கிறார்கள். விளையாட்டு வெளிவந்து பல ஆண்டுகள் கடந்தும் தோற்றத்தில் முதுமை தட்டாததற்கு இந்த உழைப்பே காரணம் என்று நம்புகிறேன்.

மூலத் தொடரின் மீதான ஈடுபாடு தோற்றத்தில் மட்டும்தானா, ஆட்டத்திலும் உண்டா?

ஆட்டத்தின் விதிகளுக்குள்ளேயே உண்டு. நான் இதை உயர்வாக மதிப்பதற்குக் காரணமும் அதுவே. சில எடுத்துக்காட்டுகளைச் சொல்கிறேன். தொடரில் கேப்டன் கின்யூ எதிரியின் உடலைத் திருடிக்கொள்வான். இங்கே அவனுடைய உச்சத் தாக்குதல் ஒன்று பட்டுவிட்டால், நீங்கள் அதுவரை ஆடிக்கொண்டிருந்த வீரர் எதிராளியின் கைக்குப் போய், கின்யூவின் உடல் உங்களிடம் வந்துவிடும். டியென்ஷின்ஹானுக்காகச் சிறுவன் சியாவோட்ஸு எதிரியின் முதுகில் ஒட்டிக்கொண்டு வெடித்துச் சிதறும் காட்சி தொடரில் பலரை அழ வைத்தது; இங்கே டியென் அதை ஒரு மோதலில் ஒரு முறை மட்டுமே பயன்படுத்த முடியும். உயிரைக் கொடுத்தவன் இரண்டாம் முறை வரமாட்டான் என்பதை ஒரு விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். கிரில்லின் சில வேளைகளில் சென்ஸு விதையைத் தூக்கி எறிவான். அது உடன்போராளியின் உடல்நலத்தை மீட்கும்.

டிராகன் பால்களும் வெறும் அலங்காரமல்ல. குறிப்பிட்ட நீளமுள்ள காம்போக்களை, அதாவது இடைவிடாத அடித்தொடர்களை, நிகழ்த்தும்போது ஒவ்வொன்றாகச் சேரும் இந்த ஏழு உருண்டைகளும் இரு தரப்பினருக்கும் பொதுவானவை. ஏழும் சேர்ந்து, கி எனப்படும் உங்கள் ஆற்றல் அளவுகோலின் ஏழு கட்டங்களும் நிரம்பியிருக்கும்போது, லேசான அடிகளின் தானியங்கிக் காம்போவை முழுதாக நிகழ்த்தினால் வரமளிக்கும் டிராகனான ஷென்ரான் வானில் தோன்றும். வீழ்ந்த தோழரை உயிர்ப்பிக்கலாம், உடல்நலத்தை மீட்கலாம், இன்னும் சில வரங்களும் உண்டு. எதிராளி சேர்த்த உருண்டைகளைக் கொண்டு நீங்கள் வரம் வாங்கிவிடவும் வாய்ப்பிருப்பதால், கடைசி உருண்டை யாருடைய அடியில் சேர்கிறது என்பதில் ஒரு தனிப் பதற்றம் இருக்கிறது.

இவை தவிர, குறிப்பிட்ட இருவர் குறிப்பிட்ட களத்தில் மோதி, இறுதி அடி கனத்த அடியாக அமைந்தால், தொடரின் புகழ்பெற்ற காட்சி ஒன்று அப்படியே திரையில் விரியும். அழிந்துகொண்டிருக்கும் நாமெக் கோளில் சூப்பர் சையான் கோகு ஃப்ரீஸாவை வீழ்த்தும் காட்சியும், ‘செல்’ என்ற எதிரி நடத்தும் போட்டிக் களத்தில் சிறுவன் கோஹான் அவனை வீழ்த்தும் காட்சியும் அவற்றுள் சில. அறிவிப்பு எதுவும் இன்றி இது நிகழும் என்பதால், முதல் முறை தற்செயலாகக் காண்பவரின் முகத்தை அருகிலிருந்து பார்ப்பது எனக்குத் தனி மகிழ்ச்சி.

சண்டை விளையாட்டுகளில் பழக்கமே இல்லை. எளிதில் கற்க முடியுமா?

தொடக்கம் மிகவும் எளிது. லேசான அடி, நடுத்தர அடி, கனத்த அடி, சிறப்பு அடி என நான்கே தாக்கும் பட்டன்கள். தோழர்களை அழைக்க இரண்டு பட்டன்கள். ஒரே பட்டனைத் தொடர்ந்து அழுத்தினாலே அடிகள் தாமாகக் கோத்துக்கொண்டு ஒரு காம்போவாகிவிடும். கமேஹமேஹா போன்ற தாக்குதல்களுக்குத் திசை விசையைக் கீழிருந்து முன்னோக்கியோ பின்னோக்கியோ கால்வட்டமாகச் சுழற்றினால் போதும். இதர சண்டை விளையாட்டுகளில் புதியவர்களின் விரல்களைத் திணறடிக்கும் சிக்கலான அசைவுகள் இங்கே இல்லை. ஒரு வீரருக்குக் கற்ற கட்டளைகள் பெரும்பாலும் எல்லோருக்கும் பொருந்தும். ஆகவே முதல் மணி நேரத்திலேயே, தொடரில் கண்ட சண்டையைப் போன்ற ஒன்றை உங்கள் கையால் நிகழ்த்திவிடுவீர்கள்.

எளிது என்கிறீர்கள், இணையத்தில் ஆடினால் தொடர்ந்து தோற்கிறேனே, ஏன்?

தொடக்கத்தின் எளிமை, அடுத்த படியின் உயரத்தை மறைத்துவிடுகிறது. தானியங்கிக் காம்போவை நம்பி நூறு ஆட்டம் ஆடியவரும், தாமே கோத்த காம்போவை ஆடுபவரும் மோதும்போது, ஒரே ஒரு அடி பட்டதற்கு முன்னவர் கொடுக்கும் சேதம் சிறியதாகவும் பின்னவர் கொடுக்கும் சேதம் ஒரு வீரரின் உயிரில் பாதிக்கு மேலாகவும் இருக்கும். இந்த இடைவெளியைக் கடக்க என்ன கற்க வேண்டும் என்பதை விளையாட்டு போதிய அளவு சொல்லித்தருவதில்லை. பயிற்சிப் பகுதியில் ஒவ்வொரு வீரருக்கும் சில காம்போச் சவால்கள் இருக்கின்றன. ஆனால் எப்போது தாக்க வேண்டும், எப்போது பொறுத்திருக்க வேண்டும் என்பதை அவை கற்பிப்பதில்லை. இதை ஒரு உண்மையான குறையாகவே கருதுகிறேன்.

பெரும்பாலான புதியவர்கள் தோற்பது சூப்பர் டாஷிடம்தான். ஒளி சூழ, எதிராளியை நோக்கித் தானாகக் குறிவைத்துப் பறந்துவரும் பாய்ச்சல் அது. சிறிய ஒளிக்குண்டுகளை அது துளைத்துக்கொண்டு வந்துவிடும். முதல் வாரத்தில் அது தடுக்கவே முடியாத ஆயுதமாகத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரு மாலை முழுவதும் பயிற்சி அறையில் எதிர்ப் பொம்மையைச் சூப்பர் டாஷ் மட்டும் செய்யும்படி பதிவுசெய்து வைத்துவிட்டு, அது பாயும் ஓசை கேட்டதும் குனிந்தபடி கனத்த அடியை அழுத்திப் பழகினேன். முதலில் எட்டில் ஒன்று சரியாக விழுந்தது. பிறகு பாதி. அந்த அடியின்போது மேலிருந்து வரும் தாக்குதல் உங்கள் தலையைத் தொடாது. பாய்ந்து வந்தவர் அப்படியே மேலே தூக்கி வீசப்படுவார், அங்கிருந்து உங்கள் காம்போ தொடங்கும். அடுத்த நாள் இணையத்தில் ஒருவர் மூன்று முறை பாய்ந்து மூன்று முறையும் தூக்கி வீசப்பட்ட பிறகு பாய்வதை நிறுத்திவிட்டார். அந்தக் கணத்தில்தான் இது பட்டன் தட்டும் விளையாட்டு அல்ல, எதிரே இருப்பவரின் மனத்தைப் படிக்கும் விளையாட்டு என்பது எனக்கு உறைத்தது.

மூவர் அணி என்பது உண்மையில் என்ன மாற்றத்தைத் தருகிறது?

ஒற்றைக்கு ஒற்றை விளையாட்டில் உங்கள் வீரரின் பலவீனத்தை நீங்கள் சுமந்தே ஆக வேண்டும். இங்கே அதைத் தோழர் சுமப்பார். தொலைவில் நின்று தாக்க இயலாத வீரருக்கு, நீண்ட ஒளிக்கற்றையை வீசும் தோழர் வழி திறந்துவிடுவார். வெளியே காத்திருக்கும் வீரரின் உடல்நல அளவுகோலில் நீல நிறத்தில் தெரியும் பகுதி மெல்ல மீளும் என்பதால், அடிபட்டவரை எப்போது உள்ளே இழுப்பது என்பது ஒவ்வொரு மோதலிலும் எழும் கேள்வி. எதிராளி அதைத் தடுக்க டிராகன் ரஷ் என்ற பிடித்தாக்குதலால், களத்தில் நிற்பவரை வெளியே தள்ளி, காயம்பட்டு ஓய்வெடுப்பவரை வலுக்கட்டாயமாக உள்ளே இழுக்கலாம். 2020ஆம் ஆண்டு மூன்றாம் பருவம் என்ற பெயரில் வந்த புதுப்பிப்பில் ஒவ்வொரு வீரருக்கும் மூன்று உதவித் தாக்குதல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வசதி வந்தது. அதுவரை உதவித் தாக்குதல் வலுவற்றது என்பதற்காகவே ஒதுக்கப்பட்டிருந்த பலர் அணிகளுக்குள் இடம்பிடித்தார்கள். விளையாட்டின் வாழ்நாளில் செய்யப்பட்ட மாற்றங்களிலேயே சிறந்தது அதுதான்.

எல்லா வீரர்களும் ஒரே மாதிரி ஆடுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு உண்மையா?

பாதி உண்மை. சூப்பர் டாஷ், எதிராளியின் பின்னால் மறைந்து தோன்றும் வானிஷ், டிராகன் ரஷ், ஒரு மோதலில் ஒரு முறை மட்டும் உடல்நலத்தை மீட்டுத் தாக்குதலை வலுவாக்கும் ஸ்பார்க்கிங் ஆகியவை எல்லோருக்கும் பொது. ஒரு வீரரின் பலவீனத்தை இந்தப் பொதுக் கருவிகள் பெருமளவு ஈடுசெய்துவிடுவதால், பெரும்பாலான சண்டைகளின் எலும்புக்கூடு ஒன்றாகவே இருக்கிறது: நெருங்குதல், மேலே தூக்குதல், வானில் அடித்தல், கீழே வீழ்த்துதல், எழும்போது மீண்டும் குழப்புதல். புதியவர்களுக்குக் கதவைத் திறந்துவைத்த அதே எளிமை, நூறு மணி நேரம் கடந்தவருக்குச் சலிப்பாகவும் மாறுகிறது. இந்த விளையாட்டின் பலமும் பலவீனமும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்று நான் நினைப்பது இதனால்தான்.

மறு பாதியையும் சொல்ல வேண்டும். கின்யூ தன் படையினரை ஒவ்வொருவராக அழைத்து ஆடும் ஆட்டமும், நாப்பா மண்ணில் விதைத்துச் சைபாமேன் என்ற சிறு அரக்கர்களை முளைக்க வைக்கும் ஆட்டமும், காலத்தைத் தாவிச் செல்லும் ஹிட் எதிராளியின் தவறுக்காகக் காத்திருக்கும் ஆட்டமும் ஒன்றல்ல. வேறுபாடு இருக்கிறது, அதை அடைய முதலில் பொதுவான எலும்புக்கூட்டைக் கடந்து செல்ல வேண்டியிருக்கிறது.

வீரர்கள் பட்டியலில் ஏன் இத்தனை கோகுக்கள்?

வெளிவந்தபோது 24 வீரர்கள் இருந்தனர். கடைசியில் 44 ஆயினர். அவர்களுள் கோகு என்ற பெயரிலேயே ஐந்து வடிவங்கள் உண்டு: சூப்பர் சையான், நீல முடி கொண்டவர், சாதாரண கோகு, ஜிடி தொடரின் சிறுவன், அல்ட்ரா இன்ஸ்டிங்ட். வெஜிட்டாவுக்கு மூன்று வடிவங்கள். கோகு பிளாக், வெஜிட்டோ, இரண்டு கோகெட்டா, இரண்டு பிராலி ஆகியோரையும் சேர்த்துக்கொண்டால், பட்டியலில் பெரும் பகுதி ஒரே குடும்ப முகமாகிவிடுகிறது. ஆட்டத்தில் ஒவ்வொருவரும் வேறுபடுகிறார்கள் என்பது உண்மைதான். ஆயினும் பல பத்தாண்டுகள் நீண்ட ஒரு கதையில் சுவையான துணைப் பாத்திரங்கள் எத்தனையோ பேர் இருக்க, பெண் பாத்திரங்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிட்டது எனக்கு வருத்தமே. விடெலும் மூத்த குரு ரோஷியும் பின்னாளில் சேர்க்கப்பட்டபோது கிடைத்த மகிழ்ச்சி, மற்றொரு கோகு வந்தபோது கிடைக்கவில்லை.

ஒரு முறை அடிபட்டால் நெடுநேரம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்க வேண்டும் என்கிறார்களே?

ஆம், இது நியாயமான குறை. தேர்ந்தவரின் காம்போ ஒன்று தொடங்கிவிட்டால், அது முடியும் வரை அடிபடுபவர் செய்யக்கூடியது ஏதுமில்லை. ஆட்டம் வளர வளர, கட்டங்களைச் செலவழித்து, தோழர்களை அழைத்து, ஒரே தொடக்கத்திலிருந்து ஒரு வீரரின் முழு உயிரையும் பறிக்கும் வழிகளை ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். வீழ்ந்தவருக்குப் பதிலாக உள்ளே வரும் அடுத்த வீரர், கால் ஊன்றுவதற்குள் இடமா வலமா, மேலா கீழா என்று ஊகித்துத் தடுக்க வேண்டும். ஊகம் தவறினால் அவரும் போவார். இதைத் திறமையின் பரிசு என்பவர்களும் உண்டு. காம்போ ஓடும் நேரத்திலும் நான் எதிராளி எத்தனை கட்டங்களைச் செலவழிக்கிறார், எந்தத் தோழரை அழைத்துவிட்டார் என்று எண்ணிக்கொண்டிருப்பேன். அது அடுத்த ஊகத்துக்கு உதவும். ஆனால் புதியவரிடம் அதை எதிர்பார்ப்பது முறையல்ல.

தனியாக ஆட விரும்புபவருக்குக் கதைப் பகுதி நிறைவு தருமா?

ஓரளவுதான். சூப்பர் வீரர்கள், எதிரி வீரர்கள், ஆண்ட்ராய்டு 21 என மூன்று பிரிவுகளாகக் கதை நகர்கிறது. மர்மமான அலைகளால் உலகின் வீரர்கள் அனைவரும் வலுவிழந்து கிடக்க, உங்கள் ஆன்மா அவர்களுடைய உடலில் இணைந்து அவர்களை இயக்குகிறது. நீங்களும் கதைக்குள் ஒரு பாத்திரம் என்பது அழகான எண்ணம். தோரியாமாவின் பங்களிப்போடு இந்த விளையாட்டுக்கென்றே உருவான ஆண்ட்ராய்டு 21, அடக்க முடியாத பசிக்கும் தன் நல்லியல்புக்கும் இடையே சிக்கித் தவிப்பவள். கதையைத் தாங்கி நிற்பவள் அவளே. சண்டைக்கு முன் பாத்திரங்கள் பேசிக்கொள்ளும் சிறு உரையாடல்கள், குறிப்பாக நாப்பா வாய் திறக்கும் இடங்கள், மிகவும் சுவையானவை.

சிக்கல் சண்டைகளில் இருக்கிறது. ஒரு வரைபடத்தில் புள்ளிக்குப் புள்ளி நகர்ந்து, அறிவு மங்கிய போலி உருவங்களோடு மீண்டும் மீண்டும் மோத வேண்டும். தொடக்கத்தில் அவை எதிர்த்தே நிற்பதில்லை. பாதிக்கு மேல் கடந்த பிறகும் அதே போலி கிரில்லின்தான் நிற்பான். உரையாடல்கள் பெரும்பாலும் உருவங்கள் எதிரெதிரே நின்று பேசுவதாகவே அமைந்திருக்கின்றன. சண்டையில் காணும் உயிரோட்டம் அங்கே இல்லை. கதைக்காக மட்டும் வாங்குபவர், கணினியோடு அடுத்தடுத்து மோதும் ஆர்கேட் பகுதியின் கடினமான பாதைகளையும் முயன்று பார்க்கும் எண்ணம் இல்லையென்றால், விலை இறங்கும் நாளுக்காகக் காத்திருக்கலாம்.

இணையவழி ஆட்டம் இப்போது எப்படி இருக்கிறது?

இதற்கு விடை, நீங்கள் எந்தக் கருவியில் ஆடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு ஏறக்குறைய 17 மில்லிநொடி. தொலைவில் இருக்கும் எதிராளி அழுத்திய பட்டன் உங்களிடம் வந்து சேர அதைவிடப் பல மடங்கு நேரம் ஆகலாம். விளையாட்டு முதலில் வெளிவந்தபோது தாமத முறையைப் பயன்படுத்தியது. அதாவது, எதிராளியின் கட்டளை வந்து சேரும் வரை உங்கள் கட்டளையும் காத்திருக்கும். இணைப்பு மோசமானால் தண்ணீருக்குள் கையை அசைப்பது போன்ற ஒரு கனம் வந்துவிடும். பயிற்சி அறையில் பழகிய காம்போ இணையத்தில் நழுவும். ஒரு ஃபிரேம் தவறினாலும் தோற்கும் விளையாட்டில் இது சிறு குறையன்று.

ரோல்பேக் முறை வேறு விதமானது. உங்கள் கட்டளை உடனே நிறைவேறும். எதிராளி முன்பு செய்ததையே தொடர்வார் என்று கணினி ஊகித்து ஆட்டத்தை ஓட்டும். ஊகம் தவறினால் சில ஃபிரேம்கள் பின்சென்று திருத்திக்கொள்ளும். நல்ல இணைப்பில் அந்தத் திருத்தம் கண்ணுக்கே தெரியாது. ஆறு ஆண்டுக் கோரிக்கைக்குப் பிறகு, 2024 பிப்ரவரி இறுதியில் பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ், கணினி ஆகியவற்றுக்கு இந்த முறை வந்து சேர்ந்தது. அடுத்த சில நாட்களில் தோரியாமா மார்ச் 1 அன்று மறைந்தார் என்ற செய்தி வெளியானது. புதிதாகச் சீரான ஆட்டத்தில் அன்றிரவு எத்தனையோ பேர் கோகுவைத் தேர்ந்தெடுத்து ஆடியிருப்பார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், நின்டெண்டோ ஸ்விட்ச் பதிப்புகளுக்கு ரோல்பேக் கிடைக்கவில்லை. பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், கணினி ஆகியவற்றில் ஆடுபவர்கள் ஒருவரோடொருவர் மோதவும் வழியில்லை. நண்பர்கள் எந்தக் கருவியில் ஆடுகிறார்களோ அதையே நீங்களும் வாங்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

லாபி என்று ஒன்று இருக்கிறதே, அது எதற்கு?

ஆட்டப் பகுதிகளைச் சாதாரணப் பட்டியலாகத் தராமல், குட்டி உருவங்கள் நடமாடும் ஒரு திடலாக அமைத்திருக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் அதனுடன் இணைந்து, ஏற்றிக்கொள்ளும் வரை காத்திருந்து, பிறகுதான் ஆட முடியும் என்பது சில நாட்களிலேயே பொறுமையைச் சோதிக்கும். நண்பரோடு ஒரே ஒரு மோதல் ஆட நினைப்பவருக்கு இது தேவையற்ற சுற்றுவழி.

பெரிய போட்டிகளில் இந்த விளையாட்டுக்கு மதிப்பு உண்டா?

வெளிவந்த ஆண்டிலேயே, 2018இல் லாஸ் வேகஸில் நடந்த ஈவோ என்ற பெரிய சண்டை விளையாட்டுப் போட்டியில் 2500க்கு மேற்பட்டோர் இதில் பதிவுசெய்தனர். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5ஐ விடவும் அது அதிகம். இறுதியில் அமெரிக்காவின் சோனிக்ஃபாக்ஸ் ஜப்பானின் கோஇச்சியை வென்றார். அடுத்த ஆண்டு அதே மேடையில் கோஇச்சி சோனிக்ஃபாக்ஸை வென்று கணக்கைத் தீர்த்தார். இந்த இரு இறுதி ஆட்டங்களின் பதிவுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பாருங்கள். கோஇச்சி தடுத்து நிற்கும் பொறுமையையும், சோனிக்ஃபாக்ஸ் சிறு இடைவெளியைக் கண்டு பாயும் துணிவையும் கண்ட பிறகு, இது ரசிகர்களுக்கான பொம்மை மட்டுமே என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

சமநிலை எப்போதும் நன்றாக இருந்ததா என்றால், இல்லை. 2022 பிப்ரவரியில் ஆண்ட்ராய்டு 21இன் ஆய்வக உடையணிந்த மற்றொரு வடிவம் வந்தபோது, அவள் அளவுக்கு மீறி வலுவாக இருந்ததால் அணிகள் எல்லாம் அவளைச் சுற்றியே அமைந்தன. பின்னர் அவளுடைய வலிமை குறைக்கப்பட்டது. இடைப்பட்ட மாதங்களில் பலர் ஆர்வமிழந்தார்கள்.

கூடுதல் வீரர்கள் அனைவரையும் வாங்க வேண்டுமா?

தேவையில்லை. தொடக்க 24 பேரைக் கொண்டே வலுவான அணியை அமைக்கலாம்; செல், சிறுவன் கோஹான், ஆண்ட்ராய்டு 16 போன்றவர்கள் அவர்களுள் அடக்கம். முதலில் அடிப்படை விளையாட்டை மட்டும் வாங்கி, ஒரு மாதம் ஆடி, எதிரே வருபவர்களுள் யாரிடம் தோற்கும்போதும் ‘இவரை நான் ஆடிப் பார்க்க வேண்டும்’ என்று தோன்றுகிறதோ அவரை மட்டும் வாங்குவது நல்லது. ஏறத்தாழ இருபது பேர் தனியாக விற்கப்படுவதால், முழுப் பட்டியலையும் தனித்தனியே சேர்ப்பது செலவு மிக்க வழி. எல்லோரும் அடங்கிய தொகுப்புகள் அவ்வப்போது தள்ளுபடியில் வருகின்றன.

முதல் சில வாரங்களில் எதைப் பழக வேண்டும்?

உங்களுக்கு மிகவும் பிடித்த பாத்திரத்தை முதல் இடத்தில் வையுங்கள். அவர் வலுவானவரா என்று பார்க்காதீர்கள். தோற்கும் நாட்களில் உங்களை மீண்டும் உட்கார வைப்பது அந்தப் பிடித்தம்தான். இரண்டாம் இடத்தில் நீண்ட ஒளிக்கற்றையை உதவியாக வீசும் ஒருவரையும், மூன்றாம் இடத்தில் கட்டங்களை நிறையச் செலவழித்துக் கனமாக அடிக்கும் ஒருவரையும் வையுங்கள். பிறகு தானியங்கிக் காம்போவை மறந்துவிட்டு, லேசான அடியில் தொடங்கிச் சூப்பர் டாஷ் வழியாக வானில் முடியும் ஒரே ஒரு காம்போவை, திரையின் இரு பக்கங்களிலிருந்தும், பார்க்காமலே வரும் வரை பழகுங்கள். வலப்பக்கம் நிற்கும்போது விரல்கள் தடுமாறுவது எல்லோருக்கும் நிகழ்வதே.

தாக்குவதைவிடத் தடுப்பதற்கு அதிக நேரம் கொடுங்கள். எதிராளி நெருக்கித் தாக்கும்போது பதறிப் பட்டன்களைத் தட்டுவதுதான் புதியவர்களை வீழ்த்துகிறது. குனிந்து தடுங்கள், அவர் துள்ளி மேலிருந்து வருவது தெரிந்தால் மட்டும் எழுந்து தடுங்கள். டிராகன் ரஷின் பச்சை ஒளி கண்ணில் பட்டதும் லேசான அடி, நடுத்தர அடி பட்டன்கள் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் பிடி உடையும். இந்த மூன்றும் கைக்கு வந்த பிறகு, தோற்ற ஆட்டங்களின் பதிவைத் திறந்து, ஒவ்வொரு முறையும் எந்த அடியில் அகப்பட்டீர்கள் என்று மட்டும் குறித்து வையுங்கள். பத்து ஆட்டங்களுக்குள் ஒரே அடி ஐந்தாறு முறை எழுதப்பட்டிருக்கும். மறுநாள் பயிற்சி அறையில் எதிர்ப் பொம்மைக்கு அந்த அடியைப் பதிவுசெய்து வையுங்கள்.